கேள்விக்குறி லிங்க்க எடுத்துட்டு ஃபோன்ல சொல்லுற மாதிரி அட்ரஸ் வைக்கிறது எப்படி

மார்த்தாண்டத்துல எங்க அத்தானுக்க பழக்கடைக்கு பிஎச்பியில சின்னதா ஒரு வெப்சைட் செஞ்சு குடுத்திருந்தேன், மட்டி, செந்துளுவன், ஏத்தன், ரசகதலினு ஒவ்வொரு பழத்துக்கும் ஒரு பக்கம். மட்டிக்கு 2023ல புவிசார் குறியீடு கெடைச்ச பெறவு வெளியூர்க்காரங்க ஃபோன்ல லிங்க் கேக்க ஆரம்பிச்சாங்க, அத்தான் பாவம் "பழம் டாட் பிஎச்பி கேள்விக்குறி ஐடி ஈக்வல் 27"னு சொல்லுவாரு, கேக்குறவங்களுக்கு ஒண்ணும் மனசிலாகாது. அதை "பழம்/27/மட்டி"னு மாத்துனத அப்படியே சொல்லித் தாறேன். கட்டளை எல்லாத்தையும் இங்க தமிழ்ல எழுதுறேன், நீங்க ஃபைல்ல இங்கிலீஷ் எழுத்துலதான் அடிக்கணும்.

முதல்ல அப்பாச்சியில (சைட்ட எடுத்துக் குடுக்குற சர்வர் சாஃப்ட்வேர்) ரீரைட் மாட்யூல் ஓடணும், அட்ரஸ மாத்துற வேலை அதுக்குத்தான். உபுண்டுனா "சூடோ ஏ2என்மாட் ரீரைட்" அடிச்சு அப்பாச்சிய ரீஸ்டார்ட் பண்ணுங்க. அடுத்து சைட்டுக்க கான்ஃபிக்ல "அலவ்ஓவர்ரைடு" என்ன இருக்குனு பாருங்க. அப்பாச்சி 2.4ல டீஃபால்ட்டே "நன்"தான், அப்படி இருந்தா நீங்க எச்டிஆக்சஸ் ஃபைல்ல (சைட் ஃபோல்டர்ல வைக்கிற செட்டிங் ஃபைல், பேரு புள்ளியில தொடங்கும்) என்ன எழுதினாலும் அப்பாச்சி படிக்கவே செய்யாது, அதை "ஆல்"னு மாத்தி இன்னொரு தடவை ரீஸ்டார்ட் பண்ணுங்க. படிக்குதானு தெரிய ஒரு வழி இருக்கு, அந்த ஃபைல்ல முதல் வரியா வாய்க்கு வந்த எதையாவது அடிச்சு சேவ் பண்ணுங்க, சைட்ல 500 எரர் வந்தா படிக்குது, வரலைனா கான்ஃபிக்ல இன்னும் வேலை பாக்கி. நான் இதை செஞ்சு பாக்காம ரெண்டு ராத்திரி ரூல மாத்தி மாத்தி எழுதிட்டு இருந்தேன்.

படிக்குதுனு தெரிஞ்சா அந்த வரிய அழிச்சிட்டு இந்த மூணையும் போடுங்க:

ஆப்ஷன்ஸ் -மல்டிவியூஸ்
ரீரைட்எஞ்சின் ஆன்
ரீரைட்ரூல் ^பழம்/([0-9]+)/[^/]+/?$ பழம்.பிஎச்பி?ஐடி=$1 [கியூஎஸ்ஏ,எல்]

மூணாவது வரிதான் உயிர். ^ தொடக்கம், $ முடிவு. ([0-9]+) வந்த நம்பரப் பிடிச்சு வைக்கும், அதுதான் அந்தப் பக்கம் $1. [^/]+ பழத்துக்க பேரு, அது ஆளு வாசிக்கத்தான், டேட்டாபேஸ்ல தேடுறது நம்பர வச்சு. கியூஎஸ்ஏ போட்டா அட்ரஸ் பின்னால வேற ஏதாவது கேள்விக்குறியோட வந்தா அதுவும் சேந்து போகும். எச்டிஆக்சஸ்ல எழுதும்போது ^க்கு அடுத்து / போடக்கூடாது, அப்பாச்சி முன்னால உள்ள சாய்கோட்ட வெட்டிட்டுத்தான் ரூல்கிட்ட குடுக்கும், போட்டா ஒருநாளும் பொருந்தாது.

மல்டிவியூஸ் வரி எதுக்குனா, அது ஆன்ல இருந்தா "பழம்/27/மட்டி"னு கேட்டதும் அப்பாச்சி தானே பழம்.பிஎச்பி ஃபைல கண்டுபிடிச்சுக் குடுத்துரும், பக்கம் தொறக்கும் ஆனா ஐடி வராது, வெறும் பக்கமா நிக்கும்.

இப்ப புது அட்ரஸ் தொறக்கும், ஆனா ஸ்டைல் எல்லாம் போயி படமும் வராம கெடக்கும். பயப்படாதீங்க. பிரவுசர் "பழம்", "27" ரெண்டையும் ஃபோல்டர்னு நெனச்சு அதுக்குள்ள போயி சிஎஸ்எஸ்ஸ தேடுது. சிஎஸ்எஸ், படம் எல்லாத்துக்க பாதையும் / வச்சு தொடங்குங்க, சரியாயிரும்.

பழைய லிங்க்க புதுசுக்கு திருப்புறதுலதான் நெறைய பேரு மாட்டுவாங்க. எச்டிஆக்சஸ்லயே பழசுல இருந்து புதுசுக்கு ஒரு ரூல், புதுசுல இருந்து பழசுக்கு ஒரு ரூல்னு யோசிக்காம எழுதினா ரெண்டும் ஒண்ண ஒண்ணு சுத்திட்டே கெடக்கும். அதோட 27ங்கிறது மட்டினு அப்பாச்சிக்கு எப்படித் தெரியும்? டேட்டாபேஸ்லதான இருக்கு. அதனால அதை பிஎச்பிக்குள்ள செய்யுங்க, ஐடிய வச்சு பேர எடுத்து சரியான அட்ரஸ கட்டி, "ரிக்வெஸ்ட்_யூஆர்ஐ"யில (பிரவுசர் கேட்ட அட்ரஸ் பிஎச்பிக்கு இதுலதான் வரும்) கேள்விக்குறிக்கு முன்னால உள்ள பாகத்தோட ஒத்துப் பாத்து, வேறயா இருந்தா மட்டும் சரியானதுக்கு திருப்பி விட்டுட்டு அங்கனயே எக்சிட் குடுங்க. யாராவது "பழம்/27/ஏத்தன்"னு தப்பா அடிச்சாலும் மட்டிக்கே வந்து சேரும், ஒரே பக்கம் பல அட்ரஸ்ல கூகுள்ல கெடக்காது. திருப்பி விடும்போது 302 குடுத்தா தற்காலிகம், 301 குடுத்தா நிரந்தரம். சோதிக்கும்போது 302 வச்சே சோதிங்க, 301அ பிரவுசர் ஞாபகம் வச்சுக்கும், தப்பா ஒண்ணு போட்டா நீங்க திருத்தின பெறவும் பழையபடியே போயிட்டு இருக்கும். எல்லாம் சரினு ஆன பெறவு 301.

பேர தமிழ்லயே வைக்கலாமானு கேப்பீங்க. வைக்கலாம், ஃபைல யூடிஎஃப்-8ல சேவ் பண்ணணும், "ரிக்வெஸ்ட்_யூஆர்ஐ"யில தமிழ் சதவீதக் குறியாத்தான் வரும்ங்கிறதால பிஎச்பியில அட்ரஸ் கட்டும்போது பேர "ராயூஆர்எல்என்கோட்" பண்ணணும், இல்லைனா ரெண்டும் ஒத்து வராம சுத்திட்டே கெடக்கும். எனக்கும் அதுதான் ஆசை. ஆனா காப்பி பண்ணி வாட்ஸப்ல போட்டா பெரும்பாலும் சதவீதக் குறியா மாறிரும், ஒரு யூனிகோட் குறியீட்டுக்கு ஒம்பது எழுத்து (புள்ளி, கொம்பு எல்லாம் தனித்தனி குறியீடு), "மட்டி" 45 எழுத்து, "செந்துளுவன்" 99. கடைக்கு லிங்க் அனுப்புறது முக்கியம்ங்கிறதால நான் இங்கிலீஷ் எழுத்துல வச்சேன். ரெண்டு சொல்லுனா நடுவுல ஹைஃபன் போடுங்க, அண்டர்ஸ்கோர் வேண்டாம், கூகுளும் ஹைஃபன்தான் சொல்லுது.

அப்பாச்சிக்குப் பதிலா என்ஜின்எக்ஸ் சர்வர்னா எச்டிஆக்சஸ் வேலைக்காகாது, ரூல சர்வர் கான்ஃபிக்லயே எழுதணும், அங்க ^க்கு அடுத்து / கட்டாயம்.

கடைசியா மெனு, சைட்மேப் (கூகுளுக்குக் குடுக்குற பக்கப் பட்டியல்) எல்லாத்துலயும் புது அட்ரஸ மாத்துங்க. 301அ கொறஞ்சது ஒரு வருசமாவது வச்சிருக்கணும்னு கூகுள் சொல்லுது, அத்தானுக்க கடை பில்லுல பழைய லிங்க் அச்சடிச்சு நெறைய கட்டு இன்னும் இருக்கு, அதனால நான் எடுக்கப் போறதே இல்ல.