குரைக்கிற நாய் போதும்: வீட்டுக் காவலுக்குப் பெரிய நாயைத் தேர்ந்தெடுத்து வளர்க்கும் முறை

‘குரைக்கிற நாய் கடிக்காது’ என்று சொல்லி நாயை ஏளனம் செய்வது நம்மவரின் வழக்கம். வீட்டுக் காவலுக்கு நாய் தேடுபவர் அதையே ஒரு நற்சான்றாக எடுத்துக்கொள்ளலாம். கடிக்கிற நாயால் வழக்கும் மருத்துவச் செலவும் பக்கத்து வீட்டாரோடு பகையும் வரும். கேட்டருகில் நின்று கனத்த குரலில் குரைத்து, அந்நியன் தயங்கும்படி செய்கிற நாய்தான் காவலுக்கு வேண்டியது.

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற நகரங்களில் இந்தத் தேவை புதிதாக வந்தது. தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் வாழ்ந்த காலத்தில் ஒரு வீட்டில் சட்டி உருண்டால் பத்து வீட்டுக்குக் கேட்கும். இரவில் தோட்டத்துக் காவலாளியான ஜாகா கைவிளக்கோடு ஒரு சுற்று வருவார். தாமான் எனும் குடியிருப்புப் பகுதிக்குக் குடிபெயர்ந்த பிறகு பின்வேலிக்கு அப்பால் செம்பனைக் காடு, முன்புறம் பாதி வெளிச்சமுள்ள தெரு, உள்ளே வயதான தாய் தந்தையர் மட்டும், பிள்ளைகளோ கிள்ளானிலும் சிங்கப்பூரிலும் என்று வாழ்க்கை மாறிவிட்டது. விடியுமுன்பே வேலைக்குக் கிளம்புகிறவர்களின் வீடு பகல் முழுவதும் பூட்டிக் கிடப்பதும் உண்டு.

அப்படியானால் ஏன் பெரிய நாய்? சிறிய நாயும் குரைக்கும். பல வேளைகளில் பெரியதைவிட முந்திக்கொண்டே குரைக்கும். ஆனால் அது வீட்டுக்காரரை எழுப்பும் மணி மட்டுமே. திருட வருகிறவன் எந்த வீடு எளிது என்று பார்த்துக்கொண்டு வருகிறான். 40 கிலோ எடையுள்ள உடல் ஒன்று வேலியோரம் தன்னோடு சேர்ந்து நடந்து வருவதைக் கண்டால், அந்த வீட்டை விட்டுவிடவே பெரும்பாலும் நினைப்பான். விடியற்காலையில் தனியே நடக்கப் போகும் பெண்ணுக்கும் கயிற்றின் மறுமுனையில் உள்ள அந்த உடல் அதே பயனைத் தருகிறது. காவல் என்பது பெரும்பாலும் இந்தத் தோற்றத்தாலேயே நடந்துவிடுகிறது. பல்லுக்கு வேலை வந்தால் ஏற்பாட்டில் எங்கோ பிழை இருக்கிறது என்று கொள்ள வேண்டும்.

இனத்தை முடிவு செய்யுமுன் சட்டத்தைப் பாருங்கள். பிட்புல், தோசா, அகித்தா, நியாப்போலிட்டன் மாஸ்டிப் போன்ற இனங்களை மலேசியாவுக்குள் கொண்டுவர அனுமதியில்லை. ரோட்வைலர், டோபர்மேன், ஜெர்மன் ஷெப்பர்ட், புல் மாஸ்டிப் ஆகியவை கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட இனங்கள். நாய் உரிமத்தை உள்ளூர் மன்றம் வழங்குகிறது. சுங்கை சிப்புட்டில் இருப்பவர்களுக்கு அது கோலகங்சார் நகராண்மைக் கழகம். எத்தனை நாய் வைக்கலாம், வேலி எப்படி இருக்க வேண்டும், வாய்க்கூடு கட்டாயமா என்பவை மன்றத்துக்கு மன்றம் வேறுபடுவதால், குட்டிக்கு முன்பணம் கொடுக்குமுன் நேரில் போய்க் கேட்டுவிடுவது நல்லது. கேட்டில் ‘அவாஸ் அஞ்சிங்’ (நாய் ஜாக்கிரதை) பலகையை மாட்டிவிட்டால் பொறுப்பு தீர்ந்தது என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். நம் கவனக்குறைவால் நம் விலங்கு பிறருக்குத் தீங்கு செய்தால் தண்டனைச் சட்டத்தின் 289-ஆம் பிரிவு நம்மைத்தான் கேட்கும், பலகையைக் கேட்காது.

இனங்களைப் பற்றி நீளமாகப் பேசத் தேவையில்லை. ஜெர்மன் ஷெப்பர்ட் 22 முதல் 40 கிலோ வரை வளரும், சொன்னதை விரைவில் கற்கும், ஆனால் அடர்ந்த உரோமத்துக்கு நம் வெயில் ஆகாது. டோபர்மேனுக்கு உரோமம் குறைவு, ஓட்டம் அதிகம் வேண்டும். ரோட்வைலர் ஆண் 50 கிலோவைத் தொடும். வீட்டில் அதைப் பிடித்து நிறுத்தக்கூடியவர் யார் என்பதை முதலில் யோசியுங்கள். நாட்டு நாயிலேயே நன்கு வளர்ந்த ஒன்று கிடைத்தால் நான் அதையே சொல்வேன். வெயிலும் மழையும் அதற்குப் பழக்கம், விலையும் இல்லை.

குட்டியைப் பார்க்கப் போகும்போது தாய் நாயையும் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுக்கும் இடத்தில் வாங்காதீர்கள். இடுப்பெலும்புக் கோளாறு பெரிய நாய்களிடையே பரம்பரையாக வரக்கூடியது என்பதால், தாய் நடக்கும் விதத்தைக் கவனிக்க வேண்டும். குட்டிகளில் மூலையில் ஒடுங்குவதையும் வேண்டாம், மற்றவற்றை எல்லாம் மிதித்துக்கொண்டு பாய்வதையும் வேண்டாம். சாவிக்கொத்து ஒன்றைக் கீழே போட்டால் முதலில் திடுக்கிட்டு, பிறகு மெல்ல வந்து முகர்ந்து பார்ப்பதை எடுங்கள். அச்சம் மிகுந்த நாய்தான் பெரும்பாலும் கடிக்கும் நாயாக வளர்கிறது.

மூன்றாம் வாரத்திலிருந்து ஏறக்குறைய பதினான்காம் வாரம் வரையிலான காலத்தில் அது எதைப் பார்த்துப் பழகுகிறதோ அதை வாழ்நாள் முழுதும் இயல்பாக ஏற்கும். ‘காவல் நாய், யாரிடமும் பழகக் கூடாது’ என்று குட்டியைக் கூண்டில் அடைத்து வளர்ப்பவர்கள் மிக மோசமான தவற்றைச் செய்கிறார்கள். அந்த நாய்க்கு உலகமே அந்நியமாக இருப்பதால் தபால்காரர், கேஸ் தோம்பு (உருளை) கொண்டுவருபவர், ஒன்றுவிட்ட தம்பியின் மூன்று வயது மகள் எல்லாரையும் திருடனாகவே அது பார்க்கும். தலைக்கவசம் போட்டவர், குடை பிடித்தவர், ஊன்றுகோல் தாத்தா, லோரிச் சத்தம் எல்லாவற்றையும் இந்த வாரங்களில் காட்டுங்கள். நல்லவரை அறிந்த நாய்க்குத்தான் வேறுபாடு தெரியும். தடுப்பூசி ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, பதினாறாம் வாரம் வரை சில வார இடைவெளியில் தொடரும். அது முடியும் வரை பல நாய்கள் திரியும் இடத்தில் இறக்கிவிடாமல் கையில் தூக்கிக்கொண்டு போங்கள், பார்வோ நோய் குட்டிகளை விரைவில் கொன்றுவிடும்.

கட்டளைக்கு ஒரே சொல் இருக்கட்டும். தாத்தா ‘உட்காரு’ என்றும் பேரன் ‘சிட்’ என்றும் பாட்டி மலாயில் ‘டூடோக்’ என்றும் சொல்லும் வீட்டில் நாய் நின்றுகொண்டேதான் இருக்கும். உட்காருதல், வருதல், விடுதல், குரைத்தது போதும் என்று நிறுத்துதல் ஆகிய நான்கும் ஒவ்வொருவர் வாயிலிருந்து வந்தாலும் கேட்க வேண்டும். பாய்ந்து கடிக்கக் கற்பிக்கும் வேலையை வீட்டில் யாரும் தொடக்கூடாது.

நாய் எங்கே படுக்கிறது என்பதில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். முன்கேட்டில் சங்கிலியால் கட்டிப்போட்டால், செம்பனைப் பக்கமாக வந்து குசினி (சமையலறை) கதவை நெம்புகிறவனுக்கு அது தடையே இல்லை. தவிர, நாள் முழுதும் கட்டுண்டு கிடக்கும் நாய் எரிச்சலில் காற்றைப் பார்த்தும் குரைக்கும். நான்காம் நாள் அந்தக் குரைப்பை வீட்டாரே கவனிக்க மாட்டார்கள். பகலில் வேலிக்குள் முழுச் சுற்றும் நடமாட விட்டு, இரவில் குசினியிலோ பின்வாசல் கூரைக்கு உள்ளேயோ படுக்க வைப்பதே என் முடிவு. விஷம் கலந்த இறைச்சியை வேலிக்கு மேல் எறிவது திருடர்களின் பழைய தந்திரம். வீட்டுக்குள் உறங்கும் நாய்க்கு அது எட்டாது. தரையில் கிடப்பதைத் தின்னாமல், தன் தட்டில் வைத்ததை மட்டும், அதுவும் சொல்லிய பிறகே தின்னும்படி சிறு வயதிலிருந்து பழக்குங்கள். எங்கள் தெருவில் இதைச் செய்யாத ஒரு வீட்டில் அருமையான ஷெப்பர்ட் ஒன்று விடியும்போது வாயில் நுரையோடு கிடந்தது. அன்றைய இரவு எதுவும் திருடு போகவில்லை, அடுத்த வாரம்தான் போனது.

செலவையும் சொல்லிவிட வேண்டும். பெரிய நாய் நாளொன்றுக்கு ஏறக்குறைய அரை கிலோ உலர் தீவனம் தின்னும். மிச்சக் குழம்பையும் வெந்த கோழி எலும்பையும் போடுவது சிக்கனமாகாது. வெங்காயம் நாயின் இரத்தத்தைக் கெடுக்கும், வெந்த எலும்பு சிம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும். கொசு வழியாக இதயப்புழுவும், உண்ணி வழியாகக் காய்ச்சலும் நம் ஊரில் சாதாரணம். இரண்டுக்குமான தடுப்பு மருந்தை மாதந்தோறும் மறக்காமல் கொடுக்க வேண்டும். பட்டினி போட்டால் ‘மூர்க்கம் வரும்’ என்ற நம்பிக்கை இன்னும் சிலரிடம் இருக்கிறது. 2015-ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டப்படி விலங்கைக் கொடுமைப்படுத்துபவருக்கு 20,000 முதல் 100,000 வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதமோ மூன்றாண்டு வரை சிறையோ இரண்டுமோ கிடைக்கலாம்.

நாய் வருமுன்பே இரு பக்க வீட்டாரிடமும் பேசிவிடுங்கள். மலாய்க் குடும்பம் பக்கத்தில் இருந்தால், நாயின் எச்சிலும் ஈரமும் பட்டதை அவர்கள் தங்கள் சமய முறைப்படி கழுவித் தூய்மை செய்ய வேண்டியிருக்கும் என்பதை மனத்தில் வைத்து, அந்தப் பக்க வேலியை அடிப்புறம் அடைத்துவிடுவதும், கூண்டைக் கழுவிய நீர் அவர்கள் சாக்கடைப் பக்கம் போகாமல் பார்ப்பதும் நம் கடமை.

தீபாவளி இரவு தனியாகச் சொல்ல வேண்டியது. பட்டாசுச் சத்தமும், விருந்தினர் வந்துபோகத் திறந்தே கிடக்கும் கேட்டும் சேர்ந்து எவ்வளவு நிதானமான நாயையும் ஓடவைக்கும். மாலையே நடக்க வைத்துக் களைப்பாக்கி, உள்ளறையில் விசிறியையும் வானொலியையும் போட்டு அடைத்து, கழுத்துப்பட்டையில் உங்கள் கைப்பேசி எண்ணைக் கட்டிவிட்டு, அதன் பிறகு முறுக்குத் தட்டை வெளியே கொண்டுவாருங்கள்.