கோழிக்கு ஒடம்பு சரியில்லன்னு எப்படி கண்டுபிடிக்கிறது? புதுசா வளர்க்கிறவங்களுக்கு

கோழி தன்னோட நோவை லேசுல வெளிய காட்டாது, தளர்ந்துட்டா மத்த கோழிங்க கொத்தித் தள்ளிடும்னு முடிஞ்சவரைக்கும் சமாளிச்சு நிக்கும். அது தூங்கி விழுறத நாம பாக்கும்போது நோய் நல்லா முத்தியிருக்கும். அதனால தெனமும் அஞ்சு நிமிஷம் ஒதுக்கி இப்படி பாருங்க.

மொதல்ல, காலைல பஞ்சாரத்த தூக்குற நேரம். நல்ல கோழி அடிச்சுப்பிடிச்சு ஓடும். றெக்கைய தொங்கவிட்டு, ரோமத்த சிலுப்பிக்கிட்டு, கழுத்த உள்ள இழுத்துட்டு ஒண்ணு மட்டும் ஒதுங்கி நின்னா அத கவனிங்க. போன மழைக்காலத்துல எங்க செவலப் பெட்டை எல்லாத்தோடயும் ஓடி வந்துச்சு, கம்பு தானியத்த கொத்துச்சு, கீழ போட்டுச்சு, திரும்பவும் கொத்துச்சு, நானும் தின்னுதுன்னு நெனச்சு விட்டுட்டேன், மூணாம் நாள் செத்துப்போச்சு. இன்னும் மனசு ஆறல. இரை உள்ள எறங்குதான்னு பாருங்க.

ரெண்டாவது எச்சம். ராத்திரி அடையுற எடத்துல ஒரு பழைய பேப்பர் விரிச்சு வைங்க. எச்சத்து மேல வெள்ளையா கொஞ்சம் இருந்தாலே வெள்ளைக்கழிச்சல்னு நிறைய பேர் பயந்துடுறாங்க, அது கோழியோட மூத்திரம்தான், பயப்படாதீங்க. நடுநடுவுல ஒண்ணு நாத்தமா பழுப்பு பசை மாதிரி வர்றதும் சாதாரணம்தான். பச்சையும் வெள்ளையுமா தண்ணியா போயி பின்பக்க ரோமத்துல ஒட்டிக்கிட்டா ஆபத்து. குஞ்சு எச்சத்துல ரத்தம் தெரிஞ்சா ரத்தக்கழிச்சலா இருக்கலாம், கூட்டுத் தரை ஈரமா இருந்தா இது சீக்கிரம் பரவும்.

அப்புறம் முகம். கொண்டை செக்கச்செவேல்னு இருக்கணும். வெளுத்தா செள்ளு, பேன், குடற்புழு எல்லாம் பாக்கணும், நீலமா கருத்தா உடனே டாக்டர். பொருக்கு பொருக்கா கொப்புளம் வந்தா அம்மை, கொசு கடிச்சு வரும். மத்தியான வெயில்ல வாய தொறந்து மூச்சு வாங்குறது சகஜம், காலைல குளிர்ல அப்படி செஞ்சா சரியில்ல. ராத்திரி கூட்டுகிட்ட சத்தமில்லாம நின்னா கர்ர் கர்ர்னு சளி இழுக்குறது நல்லாவே கேக்கும்.

கடைசியா பொழுது சாஞ்சதும் ஒவ்வொண்ணா கைல எடுங்க. கழுத்துக்கு கீழ நெஞ்சுகிட்ட பை மாதிரி இருக்குற இரைப்பை நெறஞ்சிருக்கணும். மறுநாள் காலைலயும் கல்லு மாதிரி இருந்தா அடைப்பு. நெஞ்செலும்பு கத்தி மாதிரி கைல குத்துனா ரொம்ப நாளாவே எளைச்சிருக்கு.

சந்தேகம் வந்தா அன்னைக்கே தனி பஞ்சாரத்துல போட்டு தண்ணி வைங்க, மத்த கோழிய எல்லாம் பாத்துட்டு கடைசியா இத தொடுங்க, கைய சோப்பு போட்டு கழுவுங்க. நம்ம வீட்டு ஆன்டிபயாடிக் மாத்திரைய பொடிச்சு குடுக்காதீங்க ப்ளீஸ்.

கழுத்து திருகிக்கிட்டு, காலு இழுத்துக்கிட்டு பச்சையா கழிஞ்சா ராணிக்கெட், அதான் நாம சொல்ற வெள்ளைக்கழிச்சல். வந்தப்புறம் அத குணப்படுத்த மருந்து கெடையாது, வராம தடுக்க தடுப்பூசி மட்டும்தான். குஞ்சுக்கு 7ஆம் நாள் கண்ணுல சொட்டு, 8ஆவது வாரம் ஊசி, நடுவுல போடுறத கால்நடை மருந்தகத்துல கேட்டு எழுதி வச்சுக்கோங்க. திடீர்னு நாலஞ்சு ஒண்ணா செத்தா கொழம்பு வைக்கவும் வேணாம், விக்கவும் வேணாம், கால்நடை உதவி எண் 1962க்கு போன் பண்ணி சொல்லுங்க. அவங்க சொன்னதுக்கப்புறம் ஆழமா குழி தோண்டி சுண்ணாம்பு போட்டு பொதைங்க.