முதல் குவில்ட் தைக்கிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

இலையுதிர் காலம் தொடங்கி இரவில் லேசாகக் குளிர் தட்டியதும் தையல் மெஷினை மூடியிருந்த உறையை எடுத்துவிடுகிறோம். ஆண்டு இறுதி விடுமுறைக்குள் ஒரு குவில்ட் (துணித் துண்டுகளை இணைத்து, நடுவில் பஞ்சு வைத்துத் தைக்கும் போர்வை), நாலு குஷன் உறை, குழந்தைகளுக்குப் பொம்மை என்று மனசு கணக்குப் போடுகிறது. அந்த அவசரத்தில்தான் முதல் தவறு நடக்கிறது. துணி கைக்கு வந்த அன்றைக்கே வெட்ட உட்கார்ந்துவிடுகிறோம். நான் பார்த்தவரை, சரியாக வராத குவில்ட்களில் பலவும் மெஷினுக்குப் போகும் முன்பே கெட்டவைதான்.

பருத்தித் துணி முதல் சலவையில் ஏறக்குறைய 3 முதல் 5 சதவீதம் சுருங்கும். எல்லாத் துண்டும் ஒரே மாதிரி சுருங்கினால் கவலையில்லை. துவைத்த துணியும் துவைக்காத துணியும் கலந்துவிட்டால்தான் தையலை ஒட்டிச் சுருக்கம் விழும். அதனால் துவைப்பதென்றால் எல்லாவற்றையும் துவையுங்கள், இல்லையென்றால் எதையும் துவைக்காதீர்கள். ஆனால் இந்தப் பருவத்துக்கு நாம் ஆசையாக எடுக்கும் அடர் சிவப்பு, மெரூன், கருநீலம் எல்லாம் சாயம் போகக்கூடிய நிறங்கள். ஒரு மூலையை நனைத்து, வெள்ளைத் துணியில் வைத்து அழுத்திப் பாருங்கள். நான் ஒருமுறை இதைச் செய்யாமல் மெரூனையும் வெள்ளையையும் சேர்த்துத் தைத்தேன். முதல் சலவையில் வெள்ளைக் கட்டங்களின் ஓரமெல்லாம் ரோஸ் நிறம் ஏறிவிட்டது. இரண்டு மாத வேலை அது. காயவிடாமல் ஈரத்தோடேயே திரும்பத் திரும்ப அலசியதில் முக்கால்வாசி போனது, மிச்சம் இன்னும் இருக்கிறது.

அடுத்தது கால் இஞ்ச். குவில்ட்டில் துண்டுகளை இணைக்கும்போது ஓரத்தில் கால் இஞ்ச், அதாவது சுமார் 6 மில்லிமீட்டர் விட்டுத் தைப்பதுதான் வழக்கம். ‘ஒரு மில்லிமீட்டர் கூடினால் என்ன’ என்று தோன்றும். சரி, கணக்குப் போட்டுப் பார்ப்போம். 60 இஞ்ச் சதுரப் போர்வைக்கு, தைத்து முடிந்தபின் 5 இஞ்ச் வரும் கட்டங்கள் வரிசைக்கு 12, மொத்தம் 144. ஒரு வரிசையில் 11 தையல். தையல் ஒரு மில்லிமீட்டர் உள்ளே தள்ளினால் இரண்டு பக்கத் துணியிலும் சேர்த்து 2 மில்லிமீட்டர் போகிறது. 11 தையலுக்கு 22 மில்லிமீட்டர், கிட்டத்தட்ட ஒரு இஞ்ச்! எல்லா வரிசையிலும் ஒரே மாதிரி போனால்கூடச் சமாளிக்கலாம். ஒரு வரிசையில் போய் அடுத்ததில் போகாவிட்டால் மூலைகள் ஒன்றோடொன்று சேரவே சேராது.

இதற்கு ஐந்து நிமிடச் சோதனை ஒன்று உண்டு. ஒன்றரை இஞ்ச் அகலத்தில் மூன்று பட்டிகள் வெட்டிப் பக்கத்தில் பக்கத்தில் தையுங்கள். இஸ்திரி போட்டு நடுப்பட்டியை அளந்தால் சரியாக ஒரு இஞ்ச் இருக்க வேண்டும். குறைந்தால் தையல் உள்ளே போயிருக்கிறது. நூலும் மடிப்பும் கொஞ்சம் இடம் பிடிப்பதால், கால் இஞ்ச்சுக்கு ஒரு நூல் அளவு குறைவாகத் தைத்தால்தான் பெரும்பாலும் சரியாக வரும். சரியான இடம் தெரிந்ததும் மெஷின் தட்டில் அங்கே டேப் ஒட்டிவிடுங்கள். தைக்கும்போது ஊசியைப் பார்க்காமல் டேப்பைப் பாருங்கள்.

இஸ்திரி விஷயத்தில், சட்டையைத் தேய்க்கும் பழக்கம் நம்மைக் கெடுக்கிறது. பெட்டியை முன்னும் பின்னும் இழுத்தால் துண்டு நீண்டுவிடும். கிராஸாக வெட்டிய முக்கோணத் துண்டுகள் என்றால் சொல்லவே வேண்டாம். வைத்து, அழுத்தி, தூக்கி, அடுத்த இடத்தில் வைக்க வேண்டும். அவ்வளவுதான்.

பார்டர் அலை அலையாக எழும்புவதற்குக் காரணம், நீளமான பட்டியை ஓரத்தில் வைத்துத் தைத்துக்கொண்டே போய் மிச்சத்தை வெட்டுவது. ஓரம் எப்போதும் கொஞ்சம் இழுபட்டிருக்கும். குவில்ட்டின் நடுவில் அளந்து, எதிரெதிர்ப் பட்டிகள் இரண்டையும் அந்த அளவுக்கே வெட்டி, குண்டூசி குத்தி, அப்புறம் தையுங்கள்.

மேல்துணி, நடுவில் பஞ்சு விரிப்பு, அடித்துணி என்று மூன்று அடுக்கையும் சேர்க்கும்போது அடித்துணியும் பஞ்சும் நாலு பக்கமும் 3, 4 இஞ்ச் கூடுதலாக இருக்கட்டும். கைப்பிடி அகலத்துக்கு ஒரு ஊக்குக் குத்துங்கள். இதில் சோம்பல் பட்டால் அடிப்பக்கம் மடிப்பு விழும், பிரிப்பது பெரிய வேலை. தையலை நடுவில் தொடங்கி ஓரத்துக்குக் கொண்டுபோங்கள். எத்தனை இஞ்ச்சுக்கு ஒரு தையல் வேண்டும் என்று பஞ்சு விரிப்பின் உறையிலேயே போட்டிருக்கும். அதைவிட இடைவெளி விட்டால், துவைக்கத் துவைக்க உள்ளே பஞ்சு கட்டிகட்டியாகிவிடும்.

கோடு போடும் பேனாவையும் கவனியுங்கள். இஸ்திரிச் சூட்டில் மறையும் மை, குளிரில் மறுபடி தெரியலாம். தண்ணீரில் போகும் நீல மையை அலசாமல் இஸ்திரி போட்டால் கறையாகவே தங்கிவிடலாம். ஊசியும் அப்படித்தான், ஏழெட்டு மணி நேரம் தைத்தால் மாற்ற வேண்டிய பொருள். குவில்ட் பருத்திக்கு 80/12 அளவு ஊசி பொருந்தும்.

பரிசாகக் கொடுக்கும் சின்ன வேலைகளில் அழகைவிடப் பாதுகாப்பு முக்கியம் என்று நான் அழுத்திச் சொல்வேன். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையின் பொம்மைக்குப் பட்டன் கண் வேண்டாம், நூலால் எம்பிராய்டரி செய்யுங்கள். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் குவில்ட் தைத்துக் கொடுத்தால், தூங்கும் இடத்தில் போடாமல் விளையாடத் தரையில் விரிக்கச் சொல்லுங்கள். சூடான பாத்திரம் பிடிக்கும் துணிக்குச் சாதாரண பஞ்சு விரிப்பு போதாது, சூடு தாங்கும் விரிப்பு தனியாக இருக்கிறது. ஆனால் அதில் உலோகப் பூச்சு இருக்கும் என்பதால் மைக்ரோவேவில் வைக்கக்கூடாது. மைக்ரோவேவுக்கான கிண்ண உறை என்றால் துணி, பஞ்சு, நூல் மூன்றும் முழுப் பருத்தியாக இருக்க வேண்டும்.

கடைசியாகப் பலரும் மறப்பது ஒன்று. வாங்கிக்கொள்பவருக்கு அதை எப்படித் துவைப்பது என்று தெரியாது. ‘குளிர்ந்த நீர், தனியாகத் துவைக்கவும்’ என்று, தைத்த ஆண்டையும் சேர்த்து, ஒரு துண்டு வெள்ளைத் துணியில் அழியாத மையால் எழுதி, பின்பக்க மூலையில் தைத்துவிடுங்கள்.