ஆன்லைன் வகுப்பில் உங்கள் முகத்தை உங்களிடமிருந்து மறைத்துவிடுங்கள்

கணினியில் ஜூம் வகுப்பு தொடங்கியதும் கேமரா சரியாக இருக்கிறதா என்று ஒரு தடவை பாருங்கள். அப்புறம் உங்கள் வீடியோவின் மேல் ரைட் கிளிக் செய்து 'ஹைட் செல்ஃப் வியூ' கொடுத்துவிடுங்கள். மாணவர்களுக்கு நீங்கள் வழக்கம்போலத் தெரிவீர்கள். உங்கள் திரையில் மட்டும் உங்கள் முகம் இருக்காது. கூகுள் மீட்டில் உங்கள் கட்டத்தைச் சிறிதாக்கி ஓரத்தில் ஒதுக்கலாம்.

எதிரே கண்ணாடியை வைத்துக்கொண்டு யாரும் வகுப்பறையில் பாடம் நடத்துவதில்லை. திரையிலோ, சிரித்த முகமாக இருக்கிறோமா, களைப்பு தெரிகிறதா என்று மனம் நம்மையே வேவு பார்த்துக்கொண்டிருக்கும். பிள்ளைகளுக்குப் போக வேண்டிய கவனம் அதில் கரைந்துவிடும். வீடியோ அழைப்புகள் ஏன் இவ்வளவு சோர்வு தருகின்றன என்று ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜெரமி பெய்லன்சன் 2021-ல் எழுதிய கட்டுரையில் 4 காரணங்களை முன்வைத்தார். தன் முகத்தையே ஓயாமல் பார்த்துக்கொண்டிருப்பது அவற்றில் ஒன்று.

காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டும்போதும், சோதனை செய்து காட்டும்போதும், சைகை மொழியில் பாடம் எடுக்கும்போதும் இப்படி மறைப்பது உதவாது. கை திரைக்குள் தெரிகிறதா என்று பார்த்தாக வேண்டும். எல்லா மாணவர்களும் கேமராவை அணைத்துவிட்டு, கறுப்புக் கட்டங்களைப் பார்த்துப் பேசும் அந்த வெறுமையையும் இது போக்காது. அதற்கு, மாணவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, பதிலை இரண்டு வார்த்தையாவது சாட்டில் எழுதச் சொல்வதுதான் வழி.