பீக்கனை மலை மேல ஏத்தாதீங்க, வயலோரம் இறக்குங்க

அமெச்சூர் ரேடியோவுல 500 கிலோஹெர்ட்ஸுக்கு கீழ ஒரு பீக்கன், அதாவது அலை எவ்வளவு தூரம் போகுதுன்னு மத்தவங்க பாக்க தானா சிக்னல் விட்டுக்கிட்டே இருக்கற டிரான்ஸ்மிட்டர், போடப்போறேன்னு பினாங்குல யார் கிட்ட சொன்னாலும் முதல்ல வர்ற பதில் ஒண்ணுதான், "கொடிமலைக்கு (பினாங்கு ஹில்) கொண்டு போயிடு, அங்கேர்ந்து நாலு பக்கமும் பாயும்". ரெண்டு மீட்டர் பேண்ட்ல மலை மேல ரிப்பீட்டர், அதாவது சிக்னலை வாங்கி திரும்ப அனுப்பற ஸ்டேஷன், வச்சே பழகின வாய்க்கு அப்படித்தான் வரும். நானும் அந்த பேச்சை நம்பி ஒரு தெரிஞ்சவரோட மலைச்சரிவு தோட்டத்துல கம்பி கட்டி, மூணு வாரம் ராத்திரி ராத்திரியா ஓட விட்டேன், கேட்டுச்சுன்னு வந்தது ஒரே ஒரு ரிப்போர்ட், அதுவும் எதிர்க்கரை பட்டர்வொர்த்ல இருக்கற நம்ம கூட்டாளி கிட்டேர்ந்து. ஃபெரியில பாதி தூரம் போய் கத்தியிருந்தாலே அவனுக்கு கேட்டிருக்கும்.

ஏன் அப்படின்னா 475 கிலோஹெர்ட்ஸ்ல ஒரு அலையோட நீளமே 630 மீட்டர். அந்த அலைக்கு மலை ஒரு படிக்கட்டு மாதிரி, ஏறி நின்னு எட்டிப் பாக்கணும்னு அவசியமே இல்ல, பகல்ல தரையை ஒட்டி ஊர்ந்து போகும், ராத்திரியில வானத்துல உயர இருக்கற மின்னேறின அடுக்கு, அயனோஸ்பியர்ல பட்டு திரும்பி வரும். உயரம் குடுக்கற லாபம் போயிடுச்சுன்னா மிச்சம் நிக்கற கேள்வி ஒண்ணுதான், ஆண்டெனா காலுக்கு கீழ என்ன மண்ணு? கொடிமலையும் அந்த வரிசை முழுக்கவும் கருங்கல், மேல கொஞ்சூண்டு மண்ணு. கடல் தண்ணி மின்சாரத்தை கடத்தற அளவு மீட்டருக்கு ஏறக்குறைய 5 சீமென்ஸ், காஞ்ச பாறை நிலம் 0.001 பக்கத்துல, ஐயாயிரம் மடங்கு வித்தியாசம். சேத்து வயல் ரெண்டுக்கும் நடுவுல, ஆனா பாறையை விட எவ்வளவோ மேல.

ஜப்பான்ல நேரம் சொல்ற ஜேஜேஒய் ஸ்டேஷன் 40 கிலோஹெர்ட்ஸ்ல மலை மேலேர்ந்துதானே வருதுன்னு யாராவது மடக்குவாங்க. வருதுதான், அவங்க கிட்ட 250 மீட்டர் கோபுரமும் 50 கிலோவாட் டிரான்ஸ்மிட்டரும் இருக்கு, உங்க கிட்ட கம்பி தூக்க மீன்பிடி கழி இருக்கு.

இடம் தேட கிளம்பறதுக்கு முன்னாடி லைசென்ஸை எடுத்து பாத்துடுங்க. 2200 மீட்டர் பேண்ட், அதாவது 135.7லேர்ந்து 137.8 கிலோஹெர்ட்ஸ், 2007 உலக ரேடியோ மாநாட்டுல அமெச்சூருக்கு கிடைச்சது, 630 மீட்டர் பேண்ட், 472லேர்ந்து 479, 2012ல கிடைச்சது, ரெண்டும் செகண்டரி, அதாவது முதல் உரிமைக்காரங்களுக்கு தொந்தரவு குடுக்காம ஓட்டணும், பொதுவா 1 வாட் ஈஐஆர்பி, அதாவது எல்லா பக்கமும் சமமா வீசற ஆண்டெனாவோட ஒப்பிட்டு கணக்கு பண்ற பவர். மாநாட்டுல குடுத்துட்டாங்கன்னா நம்ம நாட்டுல நம்ம கிளாஸுக்கு தானா வந்துடும்னு இல்ல, அதனால மலேசியாவோட தொடர்பு ஆணையம் எம்சிஎம்சிக்கு எழுதி, ஆள் இல்லாம ஓடற பீக்கன்னு தெளிவா சொல்லி, பதிலை கையில வாங்கிட்டு அப்புறம் கம்பி வாங்கப் போங்க.

ரெண்டு பேண்ட்ல எதுன்னு கேட்டா முதல்ல 630தான். கணக்கு பாருங்க. 12 மீட்டர் உயரத்துக்கு ஒரு கம்பி, அது மேல டி மாதிரி படுக்கையா 30 மீட்டர் கம்பி, இவ்வளவுதான் ஒரு சாதாரண கிராமத்துக்காரங்க நிலத்துல நிக்கும். இதோட ரேடியேஷன் ரெசிஸ்டன்ஸ், அதாவது கரண்டை அலையா மாத்தி வெளிய அனுப்பற பங்கு, 475ல வெறும் 0.4 ஓம். 1 வாட் ஈஐஆர்பி வரணும்னா ஆண்டெனாவுலேர்ந்து உண்மையா கிளம்ப வேண்டியது மூணுல ஒரு பங்கு வாட்தான், அதுக்கு 0.9 ஆம்ப் ஓடினா போதும். ஆனா அந்த 0.9 ஆம்ப் மண்ணோட ரெசிஸ்டன்ஸ் வழியாவும் ஓடணுமே, மண்ணு 60 ஓம்னா 50 வாட் டிரான்ஸ்மிட்டர், 150 ஓம்னா 120 வாட்டுக்கு மேல. முழு ஆட்டமும் இந்த ஒரு நம்பர்லதான், நல்ல இடம்னா இந்த நம்பர் சின்னதா இருக்கற இடம்னு வச்சுக்கலாம். இதே கம்பியை 137ல ஓட்டினா ரேடியேஷன் ரெசிஸ்டன்ஸ் 0.03 ஓம் கிட்ட போயிடும், 3 ஆம்புக்கு மேல தள்ளணும், மண்ணு 100 ஓம்னாலே ஒரு கிலோவாட், கம்பி நுனியில 16,000 வோல்ட்டுக்கு மேல நிக்கும், முதல் பீக்கனுக்கு அந்த வம்பு வேண்டாம்.

கோயிலும் பெரிய விஷயமில்ல, நான் சொல்றது சாமி கும்பிடற கோயில் இல்ல, கம்பியை ஃப்ரீக்வன்சிக்கு டியூன் பண்ண சுத்தற காயில். இந்த கம்பிக்கு 500 மைக்ரோஹென்றி வேணும், 20 லிட்டர் பெயிண்ட் வாளி மேல அரை சென்டிமீட்டர் இடைவெளி விட்டு 50 சுத்து, ஹார்ட்வேர் கடையில கிடைக்கற எர்த் வயரே போதும், 50 மீட்டர் சுருள் ஒண்ணு வாங்கினா மிச்சம் விழும். வாளிக்கு உள்ள பல்லி குடி வராம மூடி போடுங்க, எனக்கு ஒரு தடவை வந்து கருகி, ரெண்டு நாள் நாத்தம்.

இப்ப இடத்தை எப்படி அளக்கறது. ஒரு 12 மீட்டர் ஃபைபர் கழி, அதே நீளத்துக்கு கம்பி, இந்த குட்டை கம்பிக்கு ஏத்த மாதிரி கூட சுத்து போட்ட ஒரு வாளி காயில், கம்பி அடியிலேர்ந்து தரையில சுத்தி விரிக்க 10 மீட்டர் நீளத்துல எட்டு ரேடியல் வயர், ஆண்டெனா அளக்கற சின்ன மீட்டர் நானோவிஎன்ஏ ஒண்ணு, இதை எல்லாம் கார் பின்னாடி போட்டுக்கிட்டு மனசுல இருக்கற நாலு இடத்துக்கும் ஒரே வாரத்துல போய், எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி விரிச்சு, ரெசனன்ஸ்ல, அதாவது கம்பியும் காயிலும் ஒத்துப்போற ஃப்ரீக்வன்சியில, ரெசிஸ்டன்ஸ் எவ்வளவுன்னு எழுதிக்கங்க. ஒரே மாதிரி விரிக்கறதுதான் முக்கியம், ஒரு இடத்துல எட்டு ரேடியல் இன்னொரு இடத்துல அஞ்சுன்னு போட்டா அது அளவே இல்ல. காயிலோட சொந்த ரெசிஸ்டன்ஸ் எல்லா இடத்துலயும் ஒண்ணுதான், அது மிச்சத்தை குழப்பாது. நான் போனப்ப மலைச்சரிவுல 140 ஓம் சொச்சம், தெலுக் பாஹாங் பக்கம் மணல்ல 90, பாலிக் புலாவ் தாண்டி சுங்கை பூரோங் வயல் வரப்புல 58. மணல் கடல் பக்கத்துலதானே இருக்குன்னு நினைச்சேன், ஆனா மேல காஞ்சிருந்த மணல், தண்ணி கீழ எங்கேயோ.

அந்த நம்பரை மட்டும் நம்பாதீங்க, இன்னொரு அளவு இருக்கு. சின்ன பவர்ல சிக்னல் விட்டுட்டு ஒன்னரை ரெண்டு கிலோமீட்டர் தள்ளி மோட்டார் சைக்கிள்ல போய், ஒரு லூப் ஆண்டெனாவும் சின்ன ரிசீவரும் வச்சு சிக்னல் எவ்வளவுன்னு பாருங்க, 100 மீட்டருக்குள்ள நின்னு பாக்கறது ஏமாத்தும், அங்க இருக்கறது இன்னும் அலையா பிரியாத புலம். ஏன் இந்த ரெண்டாவது அளவுன்னா மரம். டுரியான் தோப்பு நடுவுல கம்பி நின்னா மீட்டர் ஓரளவு நல்ல நம்பர்கூட காட்டும், ஆனா ஈர மரம் எல்லாம் கம்பியை சுத்தி இருக்கற மின்புலத்தை குடிச்சுட்டு சூடாத்தான் மாத்தும், வெளிய போறது கம்மி. ரப்பர், செம்பனை, தென்னை எதுவா இருந்தாலும் சரி, கம்பி உயரத்துக்கு ரெண்டு மடங்கு தூரம் வெட்டவெளி இல்லன்னா அந்த இடத்தை விட்டுடுங்க.

கோலாலம்பூர், அதாவது கேஎல்காரங்க இதைப் படிச்சுட்டு "எங்க கிட்ட கண்டோ மொட்டைமாடிதான் இருக்கு"ன்னு சொல்வீங்க. கஷ்டம்தான். கான்கிரீட் கம்பிக்கூடுக்கு மேல குட்டை வெர்டிகல் (செங்குத்து கம்பி) வச்சா எர்த் எங்க இருக்குன்னே தெரியாது, லிஃப்ட் மோட்டாரும் எல்இடி டிரைவரும் போடற இரைச்சல்ல உங்க பீக்கனை நீங்களே கேக்க முடியாது, போதாததுக்கு கட்டடத்துல அலாரம், ஆட்டோகேட் எல்லாம் உங்க ஒவ்வொரு டிரான்ஸ்மிஷனுக்கும் ஆடும், மேனேஜ்மென்ட் கூட்டத்துல உங்க பேர் வரும். கேஎல்லேர்ந்து ஒண்ணு ஒன்னரை மணி நேரத்துல கோல சிலாங்கூர், செக்கிஞ்சான் பக்கம் வயலும் கடலும் சேந்து இருக்கு, அங்க ஒரு சொந்தக்காரரை கண்டுபிடிக்கறது மொட்டைமாடியோட மல்லுக்கட்டறதை விட லேசு.

ஹை டென்ஷன் லைன் பக்கம் போகாதீங்க. மின்சார கம்பெனிகள் பல நாட்டுல இதே ஃப்ரீக்வன்சிகள்ல அந்த கம்பி வழியாவே கண்ட்ரோல் சிக்னல் அனுப்பறாங்க, அதனாலதான் அமெரிக்காவுல இந்த பேண்டுகளுக்கு 1 கிலோமீட்டர் தள்ளி நிக்கணும்னு ரூல். பாயான் லெப்பாஸ் ஏர்போர்ட் ரன்வேக்கு நேரா இருக்கற பக்கத்துல உயரமா எதுவும் தூக்காதீங்க, பட்டம் விட்டு கம்பி தூக்கற ஐடியா எல்லாம் அந்தப் பக்கம் வாயிலேயே எடுக்காதீங்க.

சரி, மண்ணு நல்ல மண்ணு, வெட்டவெளி, கடல் கிட்ட. பீக்கன் பிரயோஜனமா இருக்கான்னா அது இன்னும் முடிவாகல, கேக்க ஆள் வேணும். இதை நான் ரொம்ப லேட்டா யோசிச்சேன். இந்த பேண்டுகள்ல காது வச்சு உக்காந்திருக்கறவங்க நம்ம பக்கத்துல அதிகமா ஆஸ்திரேலியாவுலயும் ஜப்பான்லயும்தான். பினாங்குலேர்ந்து பெர்த் 4,400 கிலோமீட்டருக்கு மேல, சென்னை அதுல பாதிக்கு கொஞ்சம் கூட, அப்ப சென்னைதான் சுலபம்னு தோணும். ஆனா பூமியோட காந்த நடுக்கோடு நம்ம தலைக்கு கொஞ்சம் வடக்கால போகுது, இங்க காந்தப்புலம் வடக்கு தெற்கா கிட்டத்தட்ட படுத்தே கிடக்கு. நம்ம வெர்டிகல்லேர்ந்து கிளம்பற அலை கிழக்கு மேற்கா போனா அயனோஸ்பியர்ல அந்த புலத்தோட ஒத்துப் போகாம நிறைய இழக்கும், தெற்கால போறதுக்கு அந்த தண்டனை கம்மி. பெர்த் நமக்கு கொஞ்சம் கிழக்கால சாஞ்ச தெற்கு. போனஸா பெர்த்துக்கும் நமக்கும் கடிகாரம் ஒண்ணு, ஜப்பான் ஒரு மணி நேரம்தான் முன்னாடி, ரெண்டு முனையும் சேந்து இருட்டா இருக்கற நேரம் தாராளமா கிடைக்குது. பகல்ல அயனோஸ்பியரோட அடி அடுக்கு, டி லேயர், முழுங்கிடும், அதனால பகல்ல கேஎல், ஈப்போ பக்கம் தரை அலை எப்படி வருதுன்னு பாக்க ஒரு மணி நேரத்துக்கு ரெண்டு தடவை விட்டா போதும்.

மோட் டபிள்யூஎஸ்பிஆர்தான் போடுங்க, ரொம்ப பலவீனமான சிக்னலையும் கம்ப்யூட்டர் பிரிச்சு எடுக்கற டிஜிட்டல் மோட் அது. மோர்ஸ் பீக்கன் கேக்க அழகா இருக்கும், கொழும்புல 4எஸ்7பி பீக்கன் 14.100 மெகாஹெர்ட்ஸ்ல 100 வாட்லேர்ந்து படிப்படியா இறங்கற நாலு கோடு கேட்டு வளந்தவன் நான், ஆனா நம்ம ஊர் இடி இரைச்சல்ல 1 வாட் மோர்ஸ் யாருக்கும் கேக்காது. டபிள்யூஎஸ்பிஆர் இரட்டை நிமிஷத்துல ஆரம்பிச்சு 110 செகண்ட் ஓடும், 6 ஹெர்ட்ஸ் அகலம், காதுக்கே எட்டாத சிக்னலையும் எடுக்கும், 630க்கு ரேடியோ டயல் 474.2 கிலோஹெர்ட்ஸ். நேரம் ஒரு செகண்டுக்கு மேல தப்பக்கூடாது, இன்டர்நெட் இல்லாத வயலுக்கு ஜிபிஎஸ் மாட்டுங்க. மெசேஜ்ல பவருக்கான இடத்துல ஈஐஆர்பி கணக்கை போடுங்க, பெருமைக்கு டிரான்ஸ்மிட்டர் வாட்டை போட்டா கேக்கறவன் கணக்கு எல்லாம் தப்பா போகும். நீங்க இருக்கற இடத்தைச் சொல்ற கிரிட் குறியும் போடணும், பினாங்குக்கு ஓஜே05, கேஎல்லுக்கு ஓஜே03. ஒரு தடவை பவரும் ஆண்டெனாவும் வச்சுட்டா மாசக்கணக்குல தொடாதீங்க, வாரா வாரம் தட்டிக்கொட்டினா சிக்னல் ஏறினது வானத்தாலயா உங்க கையாலயான்னு யாருக்கும் தெரியாது.

வயல்ல ஒரு கஷ்டம் இருக்கு, அதையும் சொல்லிடறேன். கம்பியை வயல் நடுவுல நிறுத்தாதீங்க, வரப்போரமா நிறுத்தி ரேடியலை வரப்பு மேலயே ஓட்டுங்க. நான் முதல் போகத்துல ரேடியலை தாள் நடுவுல விரிச்சு வச்சேன், அறுவடை மெஷின் வந்து எட்டையும் நூடுல்ஸ் மாதிரி சுருட்டிக்கிட்டு போயிடுச்சு, டிரைவர் என்னைப் பாத்த பார்வை இன்னும் மறக்கல. அறுப்புக்கு முன்னாடி தண்ணியை வடிக்கறப்ப மண்ணு காஞ்சு அந்த 58 ஓம் 70 கிட்ட ஏறும், பெருமழை பேஞ்சா ரெசனன்ஸ் ஒரு ரெண்டு கிலோஹெர்ட்ஸ் கீழ இறங்கும், அதனால காயில் மேல் பக்கம் அஞ்சாறு சுத்தை திருப்பி அட்ஜஸ்ட் பண்ற மாதிரி வச்சுக்கங்க.

கடைசியா இடி. ஏப்ரல், மே, அப்புறம் அக்டோபர், நவம்பர், சாயந்தரம் ஆனா இடிக்காத நாளை எண்ணிடலாம், நடுவுல விடியக்காலையில சுமத்ராவுலேர்ந்து கிளம்பி வர்ற காத்து மழை வேற. வெட்டவெளி ஈர வயல்ல ஒத்தையா நிக்கற கம்பிதான் அந்த வட்டாரத்துக்கே உயரம். கம்பி அடியில ஒரு பெரிய நைஃப் ஸ்விட்ச், ஒரு பக்கம் காயில், மறு பக்கம் நேரா எர்த் ராட். சுத்தி இடுப்பு உயரத்துக்கு வேலி, ஏன்னா 50 வாட்லயே கம்பியில 1,300 வோல்ட்டுக்கு மேல இருக்கும், ஆடு மாடு வரும், பட்டம் விடற பிள்ளைங்க வரும். நிலத்துக்காரர் பாக்சிக் (மலாய் பெரியவர்) கிட்ட ஸ்விட்சை எப்படி இழுக்கறதுன்னு மூணு தடவை காட்டினேன், "போலே, போலே" (முடியும், முடியும்)னு தலையாட்டினார், கரண்டுக்கு மாசம் பத்து வெள்ளி (ரிங்கிட்) குடுத்தா வாங்க மாட்டேங்கறார், ஆனா இருட்டிக்கிட்டு வந்தா எனக்கு முன்னாடி அவருக்குத்தான் தெரியும், இழுத்துட்டேன்னு வாட்சப்ல ஒரு போட்டோ வரும், அந்த ராத்திரி பெர்த்துக்கு பீக்கன் லீவு.