மசாஜ் சிகிச்சை பற்றிய மீளாய்வுக்கு மருத்துவ ஆய்வுகளைத் தேர்ந்தெடுக்கும் முறை

மீளாய்வு என்பது, ஒரு கேள்வி பற்றி ஏற்கெனவே நடந்த ஆய்வுகளைத் திரட்டி ஒன்றாக மதிப்பிடுவது.

படி 1: கேள்வியை வரையறுத்தல்

"மசாஜ் பயன் தருமா?" என்ற கேள்வியோடு தேடத் தொடங்கினால் எதை எடுப்பது, எதை விடுவது என்றே தெரியாது. யாருக்கு, என்ன சிகிச்சை, எதோடு ஒப்பிட்டு, எந்தப் பலன் என்ற நான்கையும் ஒரே கேள்விக்குள் கொண்டுவாருங்கள். எடுத்துக்காட்டாக, மூன்று மாதங்களுக்கு மேல் கீழ் முதுகுவலி உள்ள பெரியவர்களுக்குக் கைகளால் செய்யப்படும் மசாஜ், எந்தச் சிகிச்சையும் பெறாதவர்களோடு ஒப்பிடும்போது வலியைக் குறைக்கிறதா?

படி 2: விதிகளை முன்கூட்டியே எழுதுதல்

சேர்க்கும் விதிகளையும் விலக்கும் விதிகளையும் தேடலுக்கு முன்பே எழுதி, மீளாய்வுத் திட்டங்களை முன்கூட்டியே பதிவதற்கென 2011 முதல் இயங்கிவரும் பிராஸ்பெரோ பதிவேட்டில் பதிவு செய்யுங்கள். முடிவுகளைப் பார்த்தபின் எழுதும் விதி, நாம் விரும்பும் பக்கமே சாயும்.

இவற்றுள் ஒப்பீட்டுக் குழு பற்றிய விதிக்கே அதிக நேரம் செலவிட வேண்டும் என்பேன். சிகிச்சையே பெறாத குழுவோடு ஒப்பிடும்போது தெரியும் வேறுபாட்டில், அழுத்தத்தின் பலனோடு ஓய்வும் பரிவான கவனிப்பும் கலந்திருக்கும். லேசாகத் தொடுவதை மட்டும் பெறும் குழுவோடு ஒப்பிட்டால் அந்தக் கலப்பு ஓரளவு குறையும். உடற்பயிற்சியோடு ஒப்பிடுவதோ முற்றிலும் வேறு கேள்வி. கீழ் முதுகுவலிக்கான மசாஜ் பற்றி 2015இல் வெளியான காக்ரேன் (மருத்துவ மீளாய்வுகளை வெளியிடும் அமைப்பு) மீளாய்வு, 25 ஆய்வுகளை எடுத்துக்கொண்டபோதும், செயலற்ற ஒப்பீட்டையும் (சிகிச்சை பெறாத குழு போன்றவற்றோடு ஒப்பிடுவது) பிற சிகிச்சைகளோடான ஒப்பீட்டையும் தனித்தனியாகவே வைத்தது. மசாஜும் பயிற்சியும் சேர்ந்து ஒரு குழுவுக்கு, பயிற்சி மட்டும் மறு குழுவுக்கு என்றால் அந்த ஆய்வைச் சேர்க்கலாம். மறு குழுவுக்கு எதுவுமே இல்லை என்றால் பலன் எதனுடையது என்று பிரித்தறிய முடியாது.

சிகிச்சை அளிப்பவரிடம் தாம் செய்வது மசாஜ் என்பதை மறைக்க முடியாது. எனவே அவருக்கு மறைக்கப்படவில்லை என்ற காரணத்துக்காக எந்த ஆய்வையும் விலக்காதீர்கள்.

படி 3: தேடுதல்

பப்மெட், காக்ரேன் சென்ட்ரல், பெட்ரோ ஆகிய மருத்துவ ஆய்வுத் தரவுத்தளங்களில் தேடி, இரட்டைப் பதிவுகளை நீக்குங்கள்.

படி 4: இருவர் தனித்தனியே சலித்தல்

முதலில் தலைப்பையும் சுருக்கத்தையும் படியுங்கள். ஐயம் இருந்தால் விலக்காமல் முழுக் கட்டுரைக்கு எடுத்துச் செல்லுங்கள். "நோயாளிகள் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர்" என்று சுருக்கம் சொல்லும். செய்முறைப் பகுதியைத் திறந்தால், மருத்துவமனைக்கு வந்த நாளைப் பொறுத்து மாறி மாறிப் பிரித்தது தெரியவரும். அது சீரற்ற பகிர்வு (யார் எந்தக் குழு என்பதைக் குலுக்கல் போல் தற்செயலாகத் தீர்மானிப்பது) ஆகாது. இருவருக்கும் கருத்து வேறுபட்டால் பேசித் தீர்க்கட்டும். முடியாதபோது மூன்றாமவர் முடிவு சொல்லட்டும்.

படி 5: கணக்கைப் பதிவு செய்தல்

ஒரே ஆய்வு பல கட்டுரைகளாக வெளிவந்திருக்கலாம். ஆய்வுப் பதிவு எண்ணை ஒப்பிட்டு அவற்றை ஒன்றாகவே எண்ணுங்கள். முழுக் கட்டுரை படித்தபின் விலக்கிய ஒவ்வொன்றுக்கும் காரணத்தை எழுதி, எத்தனை ஆய்வுகள் கிடைத்தன, விலக்கப்பட்டன, சேர்க்கப்பட்டன என்பதைக் காட்டும் பிரிஸ்மா 2020 வரைபடத்தின் எண்கள் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று சரிபார்த்த பிறகே தர மதிப்பீட்டுக்குச் செல்லுங்கள்.