தெருவே சேர்ந்து உழவர் சந்தைல வாங்க வைக்கிறது எப்படி

வெளைய வெச்சவங்க கைக்கு நியாயமான காசு போய்ச் சேரணும்னா பெரிய கூட்டம்லாம் போட வேணாம், உங்க தெரு வாட்ஸ்அப் குரூப்பே போதும். 1999ல மதுரை அண்ணா நகர்ல ஆரம்பிச்ச உழவர் சந்தை இப்போ நிறைய ஊர்ல இருக்கு, அங்க கடைக்கு வாடகை கிடையாது, அடையாள அட்டை இருக்கிற விவசாயிங்கதான் விக்கணும், வெலையும் வெளி மார்க்கெட்டை விட கொறச்சலா, மொத்த வியாபாரி அவங்களுக்கு குடுக்கறத விட கூடுதலா வெக்கிறாங்க.

மொதல்ல நீங்க ஒருநாள் காலைல ஆறு மணிக்கு போங்க. அன்னன்னைக்கு வெலை எழுதுன போர்டு இருக்கும், அத போட்டோ எடுத்து சூப்பர் மார்க்கெட் வெலையோட சேத்து குரூப்ல போடுங்க. நாலு வாரம் விடாம போட்டா ஆளுங்க தானா கேப்பாங்க. அப்புறம் சனிக்கிழமை ராத்திரியே லிஸ்ட் வாங்கிட்டு ரெண்டு பேர் வண்டில போய் எல்லாருக்கும் சேத்து வாங்கிட்டு வாங்க, முறை வெச்சு மாத்திக்கலாம்.

ஒண்ணு மட்டும் கண்டிப்பா சொல்லிடுங்க, பேரம் பேசக்கூடாது. ஈரச் சாக்குல முளைக்கீரை கட்டு அடுக்கி வெச்சிருக்கிற அக்கா இருட்டோட அறுத்து மொத பஸ் புடிச்சு வந்திருப்பாங்க, அவங்ககிட்ட ரெண்டு ரூபா கொறைன்னு நிக்கிறது ரொம்ப தப்பு. சில்லறையும் பையும் மறக்காம எடுத்துட்டுப் போங்க.